ஒன்று விட்டு ஒன்று

தேங்காய் மட்டையைக் காயல் சேற்றில் புதைத்துவிட்டு மறந்துபோக வேண்டும். அதுதான் முறை. நேற்றுத் தோண்டிப் பார்த்தேன், இன்றைக்கும் தோண்டிப் பார்த்தேன் என்று தவித்துக்கொண்டிருப்பவளுக்கு நல்ல தும்பு நார் வாய்க்காது. தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மட்டையின் சதை அழுகி, நாற்றத்துக்கு நண்டுகூட அந்தப் பக்கம் வராத நிலை வர வேண்டும். அப்புறம் எடுத்துக் கழுவி, கொட்டாப்புளிக் கட்டையால் நாலு போடு போட்டால் பொன் நிறத்தில் பிரிந்து வரும். வெயிலில் விரித்து வைத்தால் வீட்டு முற்றமே மினுங்கும்.

தெரெங்கா புதைத்திருந்தது இருநூறு மட்டை. புதைத்த அன்றைக்கு எல்லாம் வீட்டுத் தேவைக்குத்தான். கூரைக்குக் கட்டுக்கயிறு, புருஷன் புரெய்மோவின் தோணிக்குப் பாய்க்கயிறு, மிஞ்சினால் ஒரு வலை. தோண்டி எடுத்த அன்றைக்கு அதற்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. புரெய்மோவுக்குச் சண்டைச் சட்டை பின்ன வேண்டும். அவனுக்கு எதிரே மணலில் இறங்கப் போகிறவன் தபுவியா. தெரெங்காவோடு கூடப்பிறந்த ஒரே அண்ணன்.

எல்லாம் ஒரு சேம்புக் குழியால் வந்தது. நம் தீவில் மண் ஏது, மணலும் முருகைக்கல்லும்தான். ஆள் ஆழத்துக்குத் தோண்டி, அடியில் ஊறும் நல்ல தண்ணீரில் தழையும் சருகும் போட்டு உரமாக்கிச் சேம்பு வைப்போம். ஒரு குழியை ஆளாக்க இரண்டு தலைமுறை ஆகும். தெரெங்காவைக் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய அப்பா குழியின் கிழக்குப் பாதியை அவளுக்குக் கொடுத்தார், மேற்குப் பாதி தபுவியாவுக்கு. நல்லபடியாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு வருஷம் மழை இல்லை. வானத்தில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இரண்டு தரம் எழுந்து இரண்டு தரமும் வெறும் கையோடு போனது. இளநீர் கைப்பிடி அளவுக்குச் சிறுத்தது. கடல் அடியால் ஊறி வந்து கிழக்குப் பாதியில் உப்பு ஏறிற்று. மேற்குப் பாதி மட்டும் எப்படியோ பச்சையாய் நின்றது.

உப்புக் குழியைத் தலையில் கட்டி எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், மேற்குப் பாதியைத் தாருங்கள் என்று புரெய்மோ வீட்டார் கேட்டார்கள். உப்பு என்ன நான் கொண்டுவந்து கொட்டினதா என்று தபுவியா கேட்டான். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கைப்போலப் பொல்லாதது வேறில்லை. ஊர்க் கூடத்தில் பெரியவர்கள் மூன்று நாள் உட்கார்ந்து, உள்ள பதநீரையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு, கேட்டை நட்சத்திரம் அந்திக்குக் கிழக்கே தெரிகிற மாதத்தில் இரண்டு பேரும் மணலில் இறங்கட்டும் என்று முடித்தார்கள். எவன் முழங்கால் மணலில் படுகிறதோ அவன் குழியை விட வேண்டும். ஆனால் ஒருவன் செத்தால் கொன்றவன் வீட்டார் குழியை விட்டுக்கொடுத்து, ஒரு தென்னை வரிசையையும் சேர்த்துச் செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அது பழைய சட்டம். அதனால் நம்மவர்களுக்கு ஆளைக் கொல்லாமல் வெட்டத் தெரியும். வெட்டுகிறவனுக்குத் தெரியும்தான். வாளில் வரிசையாய்க் கட்டியிருக்கிற சுறாப்பல்லுக்குச் சட்டம் தெரியுமா?

நாலு மாதம் இருந்தது. தெரெங்கா நார் திரிக்க உட்கார்ந்தாள்.

சரடு திரிப்பது பெண்கள், சட்டை பின்னுவது ஆண்கள் என்று கூடத்தில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். புரெய்மோவின் விரல் ஒவ்வொன்றும் துடுப்புப் பிடி கனம். அவன் போட்ட முடிச்சு மறுநாளே அவிழ்ந்து கிடக்கும். தோணி தள்ளுவதற்கும் மரம் ஏறுவதற்கும் பிறந்தவன், நல்லவன், சாப்பிட்டால் எழுந்திருக்க மறந்துபோகிறவன். அவள்தான் திரித்தாள், அவள்தான் பின்னினாள். தொடையில் நாரை வைத்து உள்ளங்கையால் முன்னே உருட்டினால் இரண்டு புரி, பின்னே இழுத்தால் ஒரு சரடு. முன்னே, பின்னே. காலையில் உட்கார்ந்தால் தாழை நிழல் காலடியிலிருந்து மடிக்கு ஏறி, மடியிலிருந்து தோளுக்குப் போய், வெயிலாகிவிடும். அவளுக்குத் தெரியாது. கை அது பாட்டுக்கு ஓடும், கண் காயலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சில மத்தியானங்களில் அவளுக்குக் காயல் மேலே வந்துவிட்டது போலிருக்கும். வெளிச்சம் அலையிலிருந்து எழும்பி ஓலைக் கூரையின் அடியில் ஆடும். தான் தண்ணீருக்குள் உட்கார்ந்து கயிறு திரிக்கிற மாதிரி, தலைக்கு மேலே தோணிகளின் அடிவயிறு போகிற மாதிரி. மூச்சு முட்டாது. நல்லாத்தான் இருக்கும். அந்தத் தண்ணீருக்குள் இரண்டு ஆண்கள் நடந்து வருவார்கள். இருவர் தலையிலும் முகத்தை மறைத்து முட்பேத்தை மீன் தோலில் செய்த தொப்பி, முள்ளு முள்ளாய். எது புருஷன், எது அண்ணன் என்று தெரியாது. கிட்டே வந்து, தொப்பியைக் கழற்றப் போகும் நேரத்தில், மாமியார் ரெய்தி கூப்பிடுவாள், அடுப்பில் மீன் கருகுதே உனக்கு மூக்கு இல்லையா என்று. தெரெங்கா திடுக்கிட்டு எழுந்து போவாள். மடியில் நாலு முழம் சரடு கூடியிருக்கும்.

இனி சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்கும் காலுக்கும் போடுவது வலைப் பின்னல். கண்ணி கண்ணியாய் இருக்கும், மடங்கும், நீளும், ஓடலாம், குனியலாம். சுறாப்பல் பட்டால் கண்ணியில் சிக்கிக்கொள்ளும். பாதி தரம் பல்லே உடைந்து கண்ணியில் தொங்கும், மீதிப் பாதி தரம் சதை கிழியும். கை கால் கிழிந்தால் ஆறிவிடும் என்பது நம் முன்னோர் கணக்கு. நெஞ்சுக்கும் முதுகுக்கும் போடுவது வேறு. அதில் சுண்டுவிரல் கனக் கயிற்றை வரிசை வரிசையாய் அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மேல் வரிசையோடு சேர்த்து நகத்தளவுக்கு ஒரு முடிச்சாய் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். முடித்தால் பலகை மாதிரி தானாக நிற்கும். அதில் குத்து விழுந்தால் ஒரு கயிறு தனியாக வாங்காது, அக்கம்பக்கத்துப் பத்துக் கயிறும் சேர்ந்து வாங்கும். முடிச்சு தள்ளித் தள்ளி இருந்தால் அந்த ஒற்றுமை போயிற்று. கயிறு நல்ல கயிறாகவே இருக்கும், ஆனால் இரண்டு வரிசையும் ஆளுக்கொரு பக்கம் விலகி, வா என்று ஈட்டியின் திருக்கை முள்ளுக்கு வழி விடும்.

அப்படியானால் எல்லா இடமும் இறுக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இறுக்கலாம். உள்ளே இருக்கிறவன் அசைய வேண்டாமா? அதுதான் அந்த வேலையின் சூட்சுமம்.

முதுகுப் பக்கம் தலைக்கு மேலே வரை ஒரு பின்பலகை எழும்பி நிற்கும், அதையும் கயிற்றால்தான் பின்னுவது. அது எதிரிக்காக இல்லை. சண்டையில் பெண்கள் தங்கள் ஆளுக்குப் பின்னால் நின்று எதிராளி மேல் கல் எறிவார்கள், அதில் எத்தனை எங்கே விழும் என்று யார் கண்டது. கட்டினவளிடமிருந்து மண்டையைக் காப்பாற்றத்தான் அந்தப் பலகை. புரெய்மோ அதை இன்னும் ஒரு சாண் உயரமாகப் போடச் சொன்னான். அன்றைக்கு அவள் சிரித்தாள். அந்த நாலு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஏன் சிரிப்பு வரும்? தபுவியாவின் சட்டையையும் அவள்தான் பின்னியிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அது. தபுவியா இடது கைக்காரன், குள்ளம், காற்று மாதிரி ஓடுவான். அவனுடைய அடி ஒன்று இருக்கிறது, ஊருக்கே தெரியும். இடது கையைக் காதோடு ஒட்டித் தூக்கி, மேலேயிருந்து இறக்குவான். அதைத் தடுத்தவன் இல்லை. சட்டை முடிந்து போட்டுப் பார்த்தபோது இடது அக்குளில் பிடித்தது, கை தோளுக்கு மேல் ஏறவில்லை. அண்ணன் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள், அவனுக்குத் தெரியாமல், அக்குளுக்குக் கீழே ஒரு கையகல இடத்தைப் பிரித்து, ஒரு முடிச்சு விட்டு ஒரு முடிச்சாய்த் திரும்பப் பின்னினாள். கை விசுக்கென்று ஏறிற்று. பிரித்த இடம் கண்ணுக்குத் தெரியாமலிருக்கத் தன் தலைமுடியையே திரித்துக் கறுப்பில் ஒரு சாய்சதுரம் கட்டி மறைத்தாள். ஜோடிக்கு வலது பக்கமும் ஒன்று. பார்த்தவர்கள் அழகு என்றார்கள். போடப் போட இளகிவிட்டது என்று தபுவியா நினைத்துக்கொண்டான். அங்கே இருதயத்துக்கு நேராக ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த வயதில் அது விளையாட்டாக இருந்தது. அண்ணன் சாவான் என்று எந்தத் தங்கச்சி நினைப்பாள்?

புரெய்மோவுக்குப் பின்னும்போது அவள் ஒரு முடிச்சும் விடவில்லை. நகத்தை வைத்து அளந்து அளந்து இறுக்கினாள். விரல் நுனி வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. இது பலகையாக நிற்க வேண்டும், இவன் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே இன்னொருவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்று கை நின்றுவிடும். பிறந்த வீடா புகுந்த வீடா என்று கேட்டால் பெண் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? இரண்டு கண்ணில் எது வேண்டும் என்று கேட்கிற கேள்வி அது.

சண்டைக்கு எட்டு நாள் முன்னால் இரண்டு சட்டையையும் ஊர்க் கூடத்தில் வைப்பார்கள். வஞ்சனை மந்திரம், ஒளித்து வைத்த முள் ஒன்றும் இல்லை என்று பெரியவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க வந்து பார்க்கும். புரெய்மோவும் தெரெங்காவும் போய் நின்றார்கள். புதுச் சட்டை பொன்னாய் நின்றது. பக்கத்தில் தபுவியாவின் சட்டை, வெயிலும் வியர்வையும் குடித்துக் கறுத்துப்போய், ஆள் இல்லாமலேயே ஆள் மாதிரி நின்றது. கூடத்துக் கூரை உயரம், உள்ளே அரை இருட்டு. தெரெங்காவுக்கு அண்ணனே மூச்சடக்கி நிற்பதாகத் தோன்றியது. அவள் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், வீட்டுக்கு வந்தார்கள். வழியில் புரெய்மோ ஒன்றும் பேசவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

ரெய்தி பேசினாள். அன்றைக்கே, வீட்டில் யாருமில்லாத நேரமாய்ப் பார்த்து, மீனின் செதிளை உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"ஒளிக்காதட்டி. அந்தச் சட்டைய முடிஞ்சது நீ. எங்க தொட்டா எங்க நோவும்னு ஒனக்குத் தெரியாதா?"

"எல்லா எடமும் ஒண்ணுபோலத்தான் அத்தை முடிஞ்சேன்."

"நான் ஒங்க அண்ணனக் கொல்லச் சொல்லல. கொன்னா குழியும் போச்சு, தென்னையும் போச்சு. எம் மவன் முழுசா வரணும். நீயும் அவங்கூடத்தான படுக்க, எந்திரிக்க?"

தெரெங்காவுக்குக் கிழவியின் மேல் கோபம் வரவில்லை. பெற்றவள் வேறு எப்படிப் பேசுவாள். அண்ணன் வீட்டுக்குப் பாகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், சண்டைக்கு முன்னால் கூடப்பிறந்தவள் கையால் இனிப்புக் கொடுப்பது வழக்கம்தானே என்று மட்டும் சொன்னாள். ரெய்தியின் கை நின்றது. போ, போய் நல்லாப் பார்த்துவிட்டு வா என்றாள். எதைப் பார்க்க என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நீர் வற்றின நேரத்தில் முருகைக்கல் பார் வழியாக நடந்தே அண்ணன் இருக்கும் அந்தக் கரைக்குப் போய்விடலாம். கணுக்கால் தண்ணீர், வெந்நீராய்க் காய்ந்திருந்தது. சின்ன மீன்கள் அவள் நிழலுக்குள் வந்து வந்து போயின. நடக்க நடக்கக் கரை கிட்டே வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, கனவில் நடக்கிற நடை மாதிரி. இப்படியே நடந்துகொண்டே இருந்தால் தேவலை, இரண்டு கரையும் இப்படியே தூரத்தில் இருந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தபுவியா கூடத்திலிருந்து சட்டையைத் திரும்பக் கொண்டுவந்து தாழை மரத்தடியில் வைத்திருந்தான். தங்கச்சியைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"என்னட்டி, உளவு பாக்க அனுப்புனாங்களா?"

"ஆமாண்ணே. அத்தை நல்லாப் பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. காசா பணமா," என்று அவன் சிரித்தான். அவன் பெண்டாட்டி கிரெரே சிரிக்கவில்லை. ஆனாலும் வந்தவளை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாதே என்று சேம்பு சுட்டு, தேங்காய் துருவிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அது மேற்குப் பாதிச் சேம்பு. மாவாய் இருந்தது, உப்புக் கரிப்பு ஒரு துளி இல்லை. இரண்டு வருஷமாகத் தெரெங்கா அப்படி ஒரு கிழங்கை வாயில் வைத்ததில்லை.

பிறகு அவள் சொன்னாள், இடது பக்கம் கொஞ்சம் நைந்து கிடக்கிறது, சேர்த்து முடிந்து தருகிறேன் என்று. நல்லாத்தானே இருக்கிறது என்றான் தபுவியா. எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா என்றாள். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டான். இடுப்பிலிருந்து எலும்பு ஊசியையும், புரெய்மோவின் சட்டைக்குத் திரித்ததில் மிஞ்சிய சரட்டையும் எடுத்தாள்.

மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே கதவு திறந்திருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் என்ன சொல்வான்? திறந்தே கிடக்கட்டும், எனக்குக் கை ஏற வேண்டும், கை ஏறினால்தான் நான் தபுவியா என்பான். இரண்டு பிள்ளைகளுக்குச் சேம்பு வேண்டும், குழியை விட முடியாது என்பான். அதுவும் நிஜம்தான். கதவு திறந்திருந்தால் இவன் ஜெயிக்கலாம், அல்லது சாகலாம். அடைத்தால் இவன் சாக மாட்டான், ஜெயிக்கவும் மாட்டான். அந்தக் கை ஏறாவிட்டால் புரெய்மோவும் சாக மாட்டான். இரண்டு உயிர், அவற்றுக்கு விலை ஒரு குழி. குழி அண்ணனுடையது, அவனைக் கேட்காமலேயே அவள் விலையைக் கொடுத்தாள்.

கறுப்புச் சதுரத்தை அவிழ்த்து, விட்டிருந்த ஒவ்வொரு முடிச்சையும் போட்டாள். போட்டு, நடுவிலும் ஒன்று போட்டாள். மேலே மறுபடியும் கறுப்பைக் கட்டினாள். நீர் ஏறத் தொடங்கி, கிரெரே வந்து பார்த்து, பார் மூழ்கப் போகிறது என்று சொல்கிறவரை அவள் தலை நிமிரவில்லை.

தபுவியா போட்டுப் பார்த்தான். இடது கையைத் தூக்கினான். தோள்வரை வந்து நின்றது. இன்னொரு தரம் தூக்கினான்.

"ஏற மாட்டேங்குதேட்டி."

"புதுச் சரடுண்ணே. போடப் போட இளகும்."

அவன் அவளைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவளால் பிற்பாடு எண்ணிச் சொல்ல முடியவில்லை. சரி என்று மட்டும் சொல்லிப் பாகுச் சிரட்டையை எடுத்துக் குடித்தான். அவள் திரும்பி வரும்போது தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. அவனிடம் சிப்பிக் கத்தி இருக்கிறது, நாலு முடிச்சை அறுத்தால் போதும், கை ஏறிவிடும், கதவும் திறந்துவிடும். அறுப்பானா, அறுக்க மாட்டானா? எட்டு நாளும் அவளுக்கு இதே கேள்விதான். மாமியார் கேட்டதற்கு ஒரு இடமும் தளர்வாக இல்லை என்று சொன்னாள். அன்றைக்கு அது உண்மைதான்.

சண்டை நாளில் காற்று இல்லை. காயல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது, வானம் எது தண்ணீர் எது என்று கோடு தெரியவில்லை. இரண்டு பேரும் சட்டை, வலை, இடுப்பில் திருக்கைத் தோல் வார், தலையில் முட்பேத்தைத் தொப்பி எல்லாம் போட்டு மணலில் இறங்கி, மெதுவாக, மிக மெதுவாக ஒருவரை ஒருவர் சுற்றி வந்தார்கள். அத்தனை கனத்தைப் போட்டுக்கொண்டு யாரும் துள்ள முடியாது. தெரெங்கா புருஷன் பக்கத்துப் பெண்களோடு, மடியில் கல்லோடு நின்றாள். மற்றவர்கள் எறிந்தார்கள். அவளும் எறிந்தாள், ஆனால் இரண்டு பேருக்கும் எட்டாமல் நடு மணலில் போய் விழுந்தது. அவள் நின்ற இடத்துக்குச் சத்தம் எதுவும் வரவில்லை. ஊரே வாயைத் திறந்து திறந்து மூடியது. பழையபடி தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதாகத்தான் இருந்தது அவளுக்கு.

தபுவியா வாளை இடது கையில் பிடித்திருந்தான். தோள் உயரத்தில் வீசினான், பக்கவாட்டில் வீசினான். பல் புரெய்மோவின் நெஞ்சில் பட்டு வரட் வரட் என்று வழுக்கியது, இரண்டு பல் உடைந்து பறந்தது. மேலேயிருந்து இறக்குகிற அந்த அடி வரவில்லை. ஊர் அதற்காகத்தான் காத்திருந்தது. வரவில்லை. அண்ணன் அறுக்கவில்லை போலிருக்கிறதே என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிக்குமுன் புரெய்மோ வாளைக் கீழே போட்டான். திருக்கை முள் வைத்த ஈட்டியை எடுத்தான். அந்த மந்தமான ஆள், சாப்பிட்டால் எழுந்திருக்க மறந்துபோகிறவன், ஒரே எட்டில் பாய்ந்து தபுவியாவின் இடது அக்குளுக்குக் கீழே, கறுப்புச் சதுரத்தின் நடுவில் குத்தினான். வேறு எங்கும் குத்தவில்லை, குறி வைத்து அங்கேதான் குத்தினான்.

தெரெங்காவின் மடியிலிருந்த கல்லெல்லாம் காலில் விழுந்தன.

முள் ஒடிந்தது. பத்து வரிசையும் சேர்ந்து அந்தக் குத்தை வாங்கிக்கொண்டது. ஒடிந்த முனை கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆடியது. தபுவியா இரண்டு அடி பின்னால் போனான், அவ்வளவுதான். புரெய்மோ குனிந்து வாளை எடுத்து இரண்டாவது வீச்சில் அவன் தொடையில் வலையோடு சேர்த்துக் கிழித்தான். முழங்கால் மணலைத் தொட்டது. பெரியவர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

தபுவியாவைத் தாங்கிக்கொண்டு அவளைத் தாண்டித்தான் போனார்கள். தொப்பியைக் கழற்றியிருந்தான், முகம் வெளுத்திருந்தது. அவள் எதிரே வந்ததும் நிற்கச் சொன்னான்.

"இளகவே இல்லையேட்டி," என்றான்.

கேலியா, குற்றச்சாட்டா, நன்றியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிரெரே நடுவில் வந்து அவளை ஒதுக்கிவிட்டு, இனி எங்கள் வாசலை மிதிக்காதே, போய் உன் புருஷனோடு சேம்பு தின்னு என்று சொல்லிப் போனாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரெய்தி மருமகளைக் கட்டிக்கொண்டு, உன் கையால் பின்னினதுதான் என் மகனைக் காப்பாற்றியது என்று அழுதாள். பிறகு அக்கம்பக்கத்தாரிடம் அதையே சொல்லப் போனாள். புரெய்மோ சட்டையைக் கழற்றித் தாழை மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஒரு பானைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அந்த எடம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எந்த எடம்?"

"நான் யார்ட்டயும் சொல்லல."

அவன் தலையைத் துவட்டினான். "வாயால சொல்லல. அன்னிக்குக் கூடத்துல பாத்தியே, அப்ப ஒங்கண்ணு போயி அங்கன நின்னுச்சு. வேற எங்கயும் நிக்கல."

வெளியே காயல் மஞ்சளாய்க் கிடந்தது.

"உள்ள போயிருந்தா எங்க அண்ணன் செத்திருப்பான். குழியும் போயி, ஒரு வரிசத் தென்னையும் போயிருக்கும். அது தெரியுந்தான ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குத்துனீங்க?"

புரெய்மோ யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத ஆள். "கையில ஈட்டி இருக்கும்போது குழி ஞாபகம் வரலட்டி. எடம் மட்டுந்தான் ஞாபகத்துல இருந்துச்சு," என்றான். பிறகு, "ஆனா உள்ள போகலியே, ஏன்?" என்று கேட்டான்.

"நான் போயி அடைச்சேன். எட்டு நாளைக்கு முன்னால. அவன் கை ஏறாததும் அதனாலதான். ஒங்க அடியால இல்ல."

அவன் துவட்டுவதை நிறுத்தினான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள், அவன் கோபப்படவில்லை. முகத்திலிருந்து ஜெயித்த களை மட்டும் தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்துகொண்டிருந்தது. அவன் திரும்பி மரத்தடியில் நின்ற தன் சட்டையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"இதுல?" என்றான். "என் சட்டையில அப்படி ஒரு எடம் இருக்கா?"

ஒரு முடிச்சும் அவள் விடவில்லை. நாலு மாதம் விரல் வெடிக்க வெடிக்க, இவன் முழுசாக வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி இறுக்கியது அது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஈட்டி அந்தக் கறுப்பில் போய்க் குத்தின ஞாபகமும் கூடவே வந்தது.

"தடவிப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு, மீன் சுட அடுப்பைப் பற்றவைத்தாள்.

புரெய்மோ எழுந்து போனான். சட்டைக்கு முன்னால் முழங்காலைப் போட்டு மணலில் உட்கார்ந்தான். துடுப்புப் பிடி கனத்து விரல்களால், கழுத்தோரத்து முதல் வரிசையிலிருந்து, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டு வந்தான். ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. மீன் வெந்தது, அவள் கூப்பிட்டாள். இதோ வருகிறேன் என்றான். அப்போது அவன் மூன்றாவது வரிசையில் இருந்தான்.